தேர்வு நாளில் வரும் வயிற்றுவலி

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பொதுத்தேர்வு மார்ச்சில்தான் என்றாலும் பொங்கல் முடிந்ததுமே பெற்றோரின் புலம்பல் தொடங்கிவிடும். "டெஸ்ட் என்றாலே வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொள்கிறாள் டீச்சர். எல்லாம் நடிப்பு" என்று வண்டியைக்கூட அணைக்காமல் சொல்லிவிட்டுப் போனார் ஓர் அப்பா.

நடிப்பில்லை. பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது. ரத்தம் குடலை விட்டுக் கைகால் தசைகளுக்குப் பாய்கிறது. வயிறு பிசையும், குமட்டும், உள்ளங்கை வியர்க்கும். புலி துரத்தினால் தப்பி ஓடுவதற்கான ஏற்பாடு அது. வினாத்தாளைப் பார்த்தும் உடம்பு அதையே செய்கிறது. வலி நிஜமான வலிதான்.

அந்தப் பெண் பென்சிலால் கணக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். விடை முதல் தடவையே சரியாக வந்திருக்கும். அழிப்பாள், அதையே திரும்ப எழுதுவாள், மறுபடி அழிப்பாள். தாள் நைந்து அடுத்த பக்கம் தெரியும். படிக்காத பிள்ளை இப்படி அழித்துக்கொண்டிருக்காது.

சரி, வலி நிஜம் என்றால் வீட்டிலேயே இருக்கட்டுமே என்கிறார்கள் இளகிய மனம் கொண்ட அம்மாக்கள். கண்டிப்பான அப்பாக்களைவிட இவர்களிடம்தான் எனக்கு வாதம் அதிகம். லீவு போட்டதும் வலி போய்விடும். 'போகாததால் தப்பித்தேன்' என்று மனம் கற்றுக்கொள்ளும். அடுத்த டெஸ்டுக்குப் பயம் இன்னும் பெரிதாக வரும். "வலிக்கிறதா, சரி. இரண்டு கணக்கு மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பு" என்று படிக்கட்டுப் பக்கம் உட்கார வைப்பேன். அந்த இரண்டும் முடிந்த பிறகு பெரும்பாலும் யாரும் எழுந்து போவதில்லை. பள்ளிக்கும் அப்படித்தான், முதல் பீரியடுக்காவது அனுப்புங்கள்.

பேச வேண்டுமா, எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதை நெரிசலில் ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து வருகிற பேச்சு, சாப்பாட்டு மேஜையில் வராது. பதில் சொல்லும் அவசரம் வேண்டாம், 'ம்' போதும். மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடுவதும் வேண்டாம். மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசே 2017இல் நிறுத்திவிட்டது. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள்தான் அந்த ரேங்க் போட்டியை விடாமல் நடத்திக்கொண்டிருக்கின்றன.

விடியற்காலை 4 மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பதும் நம் ஊர்ப் பெருமைதான். இந்த வயதில் தூக்கத்துக்கான மெலடோனினே இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. 11 மணிக்குக் கண் அயர்ந்த பிள்ளையை 4 மணிக்கு எழுப்பினால் எரிந்துவிழாமல் என்ன செய்யும்? இவர்களுக்கு 8 மணி நேரத் தூக்கமாவது வேண்டும்.

இதெல்லாம் சாதாரணப் பதற்றத்துக்கு. சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டாலோ, நண்பர்களையும் விட்டு ஒதுங்கினாலோ மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 'இருந்து என்ன பயன்' என்று ஒரு சொல் காதில் விழுந்தால் அன்றைக்கே போங்கள், தனியாக விடாதீர்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பிள்ளை பேச மறுத்தால் முதலில் நீங்களே அழைத்து, என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.