காஃப்காவின் தங்கைமாரைத் தேடுதல்: இதுவரை கிடைத்தவை

பிராக் நகரத்து யூத எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா 1924 ஜூனில் காசநோயால் இறந்தார். அவருடைய தங்கைமார் எல்லி, வல்லி, ஒட்லா ஆகிய மூவரும் இரண்டாம் உலகப் போரில் நாசிகளால் கொல்லப்பட்ட செய்தி, அவரைப் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலும் ஒற்றை வரியாகவே வந்துபோகும். அந்த வரியைப் பிரித்து, யார் எந்த நாளில் எங்கே கொண்டுசெல்லப்பட்டார் என்று எழுதிவைப்பதே களுவாஞ்சிகுடியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நான் செய்துவரும் வேலை.

நாசிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்கான இஸ்ரேலின் நினைவகமாகிய யாத் வஷேமின் பெயர்த் தொகுப்பில் ‘காஃப்கா’ என்று தேடினால் வேறு குடும்பங்களே வரிசையாக வருகின்றன. செக் ஆவணங்களில் இம்மூவரும் கணவர் பெயரால் ஹெர்மானோவா, பொல்லாகோவா, டாவிடோவா என்று பதியப்பட்டிருக்கிறார்கள். பெண் யாரைக் கட்டினாலும் அவளுடைய குடி மாறாத, பிள்ளைகளும் தாயின் குடியையே சேரும் மட்டக்களப்பில் வளர்ந்தவனுக்கு இந்த ஏற்பாடு சற்றுப் புதிதுதான். பிறந்த திகதியைப் பிடித்துக்கொண்டதும் வேலை இலகுவாயிற்று.

எல்லி 1941 ஒக்டோபர் 21ஆம் திகதியும் வல்லி அதே மாதம் 31ஆம் திகதியும் பிராக்கிலிருந்து போலந்தின் வூட்ச் கெட்டோவுக்கு (யூதர்களை அடைத்துவைத்த நகர்ப்பகுதி) ரயிலேற்றப்பட்டனர். இருவரும் 1942இல் செல்ம்னோ கொலை முகாமில் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

ஒட்லாவைப் பற்றிய பக்கங்களே என் கொப்பியில் அதிகம். அவருடைய கணவர் யூதரல்லர் என்பதால், அந்தத் திருமணம் நீடித்தவரை ஒட்லாவுக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. 1942இல் விவாகரத்தானதும் அது நீங்க, ஓகஸ்டில் செக் நாட்டிலிருந்த டெரசீன் முகாமுக்கு அனுப்பப்பட்டார். இரண்டு மகள்மாரும் தகப்பனுடன் தங்கிப் பிழைத்தனர். இந்த விவாகரத்தைத் தியாகம் என்று எழுதுவோர் உண்டு. திருமணம் முன்பே கசந்திருந்ததால் அந்தச் சொல்லை நான் கொப்பியில் சேர்க்கவில்லை. தியாகம் என்று சொல்ல வேண்டுமானால் அடுத்து நடந்ததையே சொல்லலாம். 1943 ஓகஸ்டில் பியாலிஸ்டொக் கெட்டோவிலிருந்து ஏறத்தாழ 1200 பிள்ளைகள் டெரசீனுக்குக் கொண்டுவரப்பட்டனர். குளிக்க அழைத்தபோது, நச்சுவாயுவால் கொல்லப்போகிறார்கள் என்று பயந்து ‘காஸ், காஸ்’ என்று அலறி, தண்ணீர்க் குழாய்களுக்குக் கீழே நிற்க மறுத்தனர். அவர்களைப் பராமரிக்க முன்வந்தவர்களுள் ஒட்லாவும் ஒருவர். வெளிநாட்டுக்குப் போகிறோம் என்ற பேச்சு பரவியிருக்க, ஒக்டோபர் 5ஆம் திகதி பிள்ளைகளோடு அவரும் ரயிலேறினார். அது போய் நின்ற இடம் அவுஷ்விட்ஸ் கொலை முகாம். அங்கே சேர்ந்தவுடன் எல்லோரும் கொல்லப்பட்டனர்.

நான் வரைந்த வம்ச வரைபடத்தைப் பார்த்த அம்மா, ‘தாய்ர வழியையும் பாரு மனே’ என்றார். அவர் சொன்னபடி தாய் யூலி லோவியின் பக்கம் திரும்பியபோது, தாய்மாமன் சீக்ஃப்ரீட் கிடைத்தார். திரீஷ் என்ற சிற்றூரில் மருத்துவராக இருந்த இவர், நாடுகடத்தப்படுவதற்கு முன் 1942இல் தற்கொலை செய்துகொண்டார். எந்த முகாமுக்கும் அவர் போய்ச் சேரவில்லை. அனுப்பப்பட்டவர்களின் பட்டியல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இப்படிப்பட்டவர்களைத் தவறவிடுவார்கள்.

காஃப்கா ஒட்லாவுக்கு எழுதிய கடிதங்களை மகள்மார் காத்துவைத்திருந்தனர். 2011இல் ஒக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகமும் ஜெர்மனியின் மார்பாக் இலக்கியக் காப்பகமும் சேர்ந்து அவற்றை வாங்கின.

அடுத்து, எல்லியின் இளைய மகள் ஹன்னாவின் கிளையை எடுத்திருக்கிறேன். அவரும் மணமானவர் என்பதால் கணவர் பெயரிலிருந்தே தொடங்கவேண்டும்.