அடுத்த ட்ரிப் எப்போது?

மருத்துவமனை மருந்தாளுநராக என் வேலையில் ஒரு பகுதி, குடல் அழற்சி நோய்க்கு இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தை நரம்பு வழியே ட்ரிப்பாக ஏற்றிக்கொள்ள வருபவர்களின் டோஸ் கணக்கு. குடல் அழற்சி நோய்களில் ஒன்றான குரோன் நோய்க்காக 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. கணக்கு எளிது. கிலோவுக்கு 5 மில்லிகிராம். முதல் ட்ரிப்புக்குப் பின் 2ஆம் வாரம், 6ஆம் வாரம், அப்புறம் 8 வாரத்துக்கு ஒருமுறை.

ஆனால் "ஆறு வாரம் நல்லாத்தான் போகுது சார், ஏழாவது வாரம் மறுபடி ஆரம்பிச்சிடுது" என்று பலர் சொல்வார்கள். அப்போதெல்லாம் டோஸைக் கூட்டுவோம், இல்லாவிட்டால் இடைவெளியைக் குறைப்போம். பெரும்பாலும் அனுபவத்தை வைத்து ஒரு ஊகம்தான்.

இந்த மருந்து ஒரு புரதம், ஆன்டிபாடி. ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களிடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். குடல் மோசமாகப் புண்ணாகியிருந்தால் மலத்தோடும் கசிந்து போகும். உடலே இந்த மருந்துக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கினால் இன்னும் வேகமாக வெளியேறும். ஆக, யாருக்கு மருந்து அதிகம் தேவையோ அவர்களிடம்தான் அது தங்குவதே இல்லை. கிலோ கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. எடை பாதியானால் மருந்து வெளியேறும் வேகமும் பாதியாவதில்லை, அதனால் ஒல்லியானவர்களுக்குத்தான் நஷ்டம்.

டோஸ் கணக்கிடும் மென்பொருள் வந்தபின் இதெல்லாம் திரையில், ரத்தத்தில் மருந்து ஏறி இறங்குவதைக் காட்டும் ஒரு வளைகோடாகத் தெரிந்தது. எடை, அல்புமின், எதிர் ஆன்டிபாடி, முந்தைய டோஸ்கள், ரத்தத்தில் அளந்த மருந்தளவு எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். பலரிடம் திரட்டிய தரவிலிருந்து ஒரு பொதுக் கணிப்பில் தொடங்கி, இவருடைய அளவு கிடைத்ததும் கணிப்பை இவர் பக்கம் நகர்த்தும். 18ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் தாமஸ் பேய்ஸின் பெயரால் வழங்கும் முறை இது.

கணக்கைக் கணினி எடுத்துக்கொண்டதும் என் வேலை விசாரிப்பதாக மாறியது. ட்ரிப் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? ரத்தம் எடுத்தது அதற்கு முன்பா, பின்பா? படிவத்தில் பெரும்பாலும் குறித்துக் கொடுத்த நேரம்தான் இருக்கும், நடந்த நேரம் இருக்காது. ட்ரிப் ஓடும்போது எடுத்த ரத்தத்தை 'முன்பு' என்று பதிந்தால் மருந்தளவு தாறுமாறாக வரும். வளைகோடு மட்டும் அப்போதும் அழகாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து.

மென்பொருளுக்குத் தெரியாததும் உண்டு. மருந்தளவு தாராளமாக இருந்தும் அழற்சி அடங்கவில்லை என்றால் டோஸைக் கூட்டிப் பயனில்லை, வேறு வழியில் வேலை செய்யும் மருந்துக்கு மாற வேண்டும். வயிற்றுவலி இருக்கிறது, மலத்தில் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் அளவு சரியாக இருக்கிறது என்றால் விஷயமே வேறு. ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2021இல் வந்த பிரெசிஷன் ஆய்வில், மென்பொருள் வழி டோஸ் பெற்றவர்களில் 88 சதவீதம் பேர் ஓராண்டு வரை நோய் அடங்கிய நிலையிலேயே இருந்தார்கள், வழக்கமான டோஸில் 64 சதவீதம். ஆனால் அதில் இருந்தவர்கள் 80 பேர்தான். அதற்கு முன், மருந்தளவையும் பார்த்து டோஸைக் கூட்டிய டெய்லோரிக்ஸ் ஆய்வில் கூடுதல் பலன் தெரியவில்லை. நான் இதை நம்புகிறேன், ஆனால் எல்லா நோயாளிக்கும் தேவை என்று வாதாட மாட்டேன்.

இது வாதாடத் தேவையில்லாமல் உதவிய இடம் ஒன்று உண்டு. 48 கிலோ எடையுள்ள ஒரு பெண், அல்புமின் குறைவு. ரத்தத்தில் மருந்தளவு மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே போகாமல் இருக்க 5 வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் என்றது திரை. "அஞ்சு வாரத்துக்கு ஒருதடவை லீவு கிடைக்காது சார், ஆறு வாரமா மாத்த முடியுமா?" என்று கேட்டார். போட்டுப் பார்த்தோம். 400 போதவில்லை. 500 கொடுத்தாலும் கடைசி ஓரிரு நாள் கோட்டுக்குக் கீழேதான். குப்பிக்கு 100 மில்லிகிராம், ஆண்டுக்குச் சுமார் 31 குப்பி ஆக வேண்டிய இடத்தில் 43 ஆகும். இடைவெளியைக் குறைப்பதுதான் சிக்கனம் என்று படித்திருந்தேன், இவ்வளவு வித்தியாசம் வரும் என்று நினைக்கவில்லை.

மருத்துவர் இரண்டு வளைகோடுகளையும் அவரிடமே காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஐந்து வாரத்துக்கே வருவதாகச் சொன்னார். அல்புமின் ஏறியதும் மறுபடி கணக்குப் போடச் சொல்லி என்னிடம் தேதியும் வாங்கிக்கொண்டார்.