ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனா உக்கார முடியல

பெயின் க்ளினிக்ல ரிவ்யூ முடிஞ்சு இப்ப தான் வந்தேன். ஒரு வழியா என் வலிக்குப் பேர் கிடைச்சிருச்சு, அடி இடுப்புல போற புடெண்டல்ங்கற நரம்போட வலியாம், அதுல நிம்மதியா இருக்கு, ஆனா இத்தன நாள் அலைய விட்ட கோவம் இன்னும் அடங்கல, அதனால சூட்டோட சூடா எழுதிடறேன்.

ஸ்கேன், யூரின் கல்ச்சர், சிஸ்டோஸ்கோபி (மூத்திரப் பைக்குள்ள கேமரா விட்டுப் பாக்கறது), எம்ஆர்ஐ எல்லாம் சிக்கல் இல்லாம முடிஞ்சுது, எல்லாமே நார்மல். ஆனா நாற்காலில உக்காந்தா கொஞ்ச நேரத்துல கீழ சூடு போட்ட மாதிரி எரியும், அடிக்கடி யூரின் வர்ற மாதிரி இருக்கும், மோஷன் போனா அன்னைக்குப் பூரா வலி. கர்ப்பப்பைல ஒண்ணும் இல்லன்னு ஒருத்தர் யூராலஜிக்கு அனுப்பினார், கல்ச்சர்ல கிருமியே வளரலன்னு ரிப்போர்ட் வந்த பிறகும் அங்க ஆன்டிபயாடிக் எழுதினாங்க, அப்புறம் குடல் டாக்டர், கடைசில "டென்ஷனைக் குறைங்கம்மா, எல்லாம் சரியாப் போயிடும்". வலியில துடிக்கிற ஆள்கிட்ட இத சொல்லி அனுப்பறதுக்கு எப்படித் தான் மனசு வருதோ.

இதுக்கெல்லாம் மேல மோசம் ஃபிசியோ விஷயம். லெட்டர்ல "பெல்விக் பெயின், ஃபிசியோதெரபி" அவ்ளோ தான் எழுதியிருந்துச்சு, ரிசப்ஷன்ல அதப் பாத்துட்டு முட்டி வலி முதுகு வலி பாக்கற இடத்துக்கு அனுப்பிட்டாங்க. அங்க யாரும் தொட்டுக் கூட பாக்கல, இடுப்புல ஒத்தடம் வச்சுட்டு கீகல் பயிற்சி பேப்பர் ஒண்ண கையில குடுத்தாங்க. செஞ்சா வலி ரெண்டு மடங்கு. ஃபோன் பண்ணிக் கேட்டா "பழகிடும், விடாம செய்யுங்க". தயவுசெஞ்சு இத மட்டும் கவனமா படிங்க: கீகல்ங்கறது தளர்ந்து போன தசைய இறுக்கறதுக்கு. வலியால ஏற்கெனவே இறுகிப் போய் கிடக்கற தசைய இன்னும் இறுக்கினா வலி ஏறத் தான் செய்யும், அந்த மாதிரி ஆளுக்கு முதல்ல தளர்த்தற பயிற்சி தான் வேணும். யாராவது உள்ள பரிசோதிக்காம கீகல் குடுத்தா, தசை இறுக்கமா தளர்வான்னு பாத்தீங்களான்னு கேட்டுடுங்க.

பெல்விக் ஃப்ளோர், அதாவது அடி இடுப்புத் தசைங்களுக்குன்னே இருக்கற ஃபிசியோவ விசாரிச்சுக் கண்டுபிடிச்சுப் போனா, லெட்டர்ல டாக்டர் சீல் இல்லன்னு கவுன்ட்டர்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. உக்கார முடியாதுன்னு போக வர நின்னுட்டே பயணம் பண்ணின நாள் அது. எவ்வளவோ கெஞ்சியும் அந்தம்மா நிமிந்து கூட பாக்கல. சீல், தேதி, "பெல்விக் ஃப்ளோர்"ங்கற வார்த்த, மூணும் லெட்டர்ல இருக்கான்னு பாத்துட்டுக் கெளம்புங்க.

அடுத்த தடவ பாத்த ஃபிசியோ தெய்வம். ஏன் எதுக்குன்னு சொல்லி, சம்மதம் கேட்டு, ஒரே விரலால உள்ள பக்கவாட்டுல மெதுவா ஒரு எடத்துல அழுத்தினாங்க. அதே எரிச்சல், அச்சு அசலா அதே எடத்துல. "இதே வலி தானா?"ன்னு கேட்டாங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு. அவங்க தான் நரம்பப் பத்தி முதல்ல பேசினது, பெயின் டாக்டர்கிட்டயும் அவங்களே அனுப்பினாங்க.

பெயின் டாக்டர் கேட்ட கேள்விங்க: உக்காந்தா அதிகமா? டாய்லெட் சீட்ல உக்காந்தா பரவால்லையா? தூக்கத்துல இருந்து வலி எழுப்புதா? ஆமா, ஆமா, இல்ல. முதுகுத் தண்டோட அடியில எஸ்2, எஸ்3, எஸ்4ங்கற நரம்பு வேர்ங்கள்ல இருந்து வர்ற புடெண்டல் நரம்பு, உக்கார்ற எலும்புக்குப் பக்கத்துல ஒரு குறுகலான வழியா போகுது, அங்க நசுங்கினா இப்படித் தான் இருக்குமாம், சாதாரண எம்ஆர்ஐல பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. இதக் கண்டுபிடிக்க 2008ல நான்ட் அளவுகோல்னு அஞ்சு அம்சம் வெளியிட்டிருக்காங்க, அதுல அஞ்சாவது, நரம்புக்கு மரத்துப்போற ஊசி போட்டா வலி குறையணும். ஆக, நார்மல் ரிப்போர்ட்ட வச்சு வலியே இல்லன்னு யாரும் முடிவு பண்ண முடியாது.

அப்புறம் மூத்திரப் பை, குடல், கர்ப்பப்பை எல்லாத்தோட நரம்புங்களும் முதுகுத் தண்டுல பக்கத்துப் பக்கத்துல போய் சேருது, ஒண்ணு ரொம்ப நாள் வலிச்சா மத்ததும் சென்சிடிவ் ஆயிடுது. நான் மூணு டிபார்ட்மென்ட் சுத்தினதுக்கு இது தான் காரணம். வலி நீடிச்சா முதுகுத் தண்டே அதிகமா சென்சிடிவ் ஆக ஆரம்பிக்கும்னு வலி பத்தி ஆராய்ச்சி பண்ற கிளிஃபர்ட் வுல்ஃப் 1983லயே காட்டிட்டார். இத்தன வருஷம் கழிச்சும் டென்ஷன்னு சொல்லி அனுப்பறாங்களே, அது தான் ஆத்திரமா வருது. ஆம்பளைங்களுக்கும் இது வரும், அவங்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கம்னு சொல்லி ஆன்டிபயாடிக்கே குடுத்துட்டு இருப்பாங்க.

எனக்கு அந்த மரத்துப்போற ஊசி போட்ட அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் நல்லா உக்காந்தேன், ராத்திரி திரும்ப வந்துருச்சு. பயந்துடாதீங்க, மருந்து வேல செஞ்ச அந்தக் கொஞ்ச நேரம் தான் டெஸ்ட்டோட ரிசல்ட்டே. ஆனா டிஸ்சார்ஜ் சம்மரில "ஊசி போடப்பட்டது"ன்னு ஒரே வரி, எவ்ளோ நேரம் வலி இல்லங்கறதே இல்ல, ரிவ்யூல டாக்டருக்கு அது தான் வேணும். நல்லவேளை மணிக்கு மணி ஃபோன்ல குறிச்சு வச்சிருந்தேன், அதக் காட்டி சம்மரிலயும் சேக்க வச்சுட்டேன். விடாம நின்னு வாங்கினேன், அதுல எனக்கு சந்தோஷம்.

மாத்திரை அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், ராத்திரி மட்டும். மெடிக்கல் ஷாப்ல "இது டிப்ரஷன் மாத்திரை ஆச்சே"ன்னு கேப்பாங்க, கம்மி டோஸ்ல நரம்பு வலிக்கும் அதத் தான் தர்றாங்க. பலன் தெரிய சில வாரம் ஆகும், வாய் வறளும், காலைல மந்தமா இருக்கும். காபாபென்டின்னு இன்னொரு நரம்பு வலி மாத்திரை எழுதினா ஏன்னு கேளுங்க, காரணம் தெரியாத இடுப்பு வலி இருக்கற பொண்ணுங்கள வச்சு நடந்து 2020ல வெளிவந்த ஆய்வுல வெத்து மாத்திரைய விட அது பெருசா உதவல. ஏற்கெனவே சாப்பிடறவங்க மட்டும் திடீர்னு நிறுத்தாதீங்க.

உக்கார்ற எடம் மரத்துப் போறது, திடீர்னு யூரின் போக முடியாம ஆகறது, கால் பலம் குறையறது, இதுல எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காம அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

எனக்கு வலி முழுசா போகல, ஆனா நடுவுல வெட்டின குஷன் போட்டு ஒரு முழு மீட்டிங் உக்கார முடியுது. ரெண்டாவது ஊசிக்குத் தேதி குடுத்திருக்காங்க, போட்டவங்க யாராவது இருந்தா முதல் தடவைய விட அதிக நாள் தாங்குச்சான்னு சொல்லுங்க.