மாமி சொன்ன நட்சத்திரம்

2022ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதி, வெள்ளிக்கிழமை, விடியற்காலை நான்கரை மணிக்கு என் கணவரின் தாயான மாமி என்னை எழுப்பினார். தாம் முதலில் குளித்து, வெளுத்த சேலை உடுத்து, தேங்காய், வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்பூரம் எல்லாவற்றையும் பனையோலைப் பெட்டியில் அடுக்கி வைத்த பிறகே என்னைக் கூப்பிட்டிருக்கிறார். "எழும்பு பிள்ளை, கோணேசரிட்டப் போயிட்டு வருவம்" என்றார். மலைமேல் இருக்கும் கோணேசர் கோயிலைத்தான் சொன்னார். ஓட்டோ கிடைக்காதே மாமி என்றேன். அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று ஜூன் 27இல் அரசாங்கம் அறிவித்த பிறகு திருகோணமலையில் எங்கள் உவர்மலைத் தெருவில் சைக்கிள் மணியைத் தவிர வேறு வாகனச் சத்தமே கேட்கவில்லை. "கால் இருக்குத்தானே" என்றார் மாமி. அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது; இரண்டு முழங்காலிலும் வாதம்.

என் கணவர் அந்த நேரத்தில் கொழும்பில் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். இதய வால்வு ஒன்று பழுதாகிச் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மருந்தும் உபகரணமும் போதாமல் நாடு முழுவதும் சிகிச்சைகள் தள்ளிப்போய்க்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்குக் கொடுத்த நாளும் இரண்டு தடவை தள்ளிப்போயிற்று. மூன்றாவது நாள் எப்போது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. பத்து வயது மகளை விட்டுவிட்டு நெடுநாள் அங்கே நிற்க முடியாமல் நான் ஊர் திரும்பியிருந்தேன். திரும்பிப் போக நினைத்தபோது பேருந்தும் இல்லை. கணவரின் தம்பிதான் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அண்ணனுடன் நின்றார். பகலில் மருந்துக்கடைகளுக்கு அலைந்து, இரவில் விறாந்தையில் பாய் விரித்துப் படுப்பார் என்று பின்னர்தான் அறிந்தேன். எங்களிடம் அவர் அதைச் சொல்லவே இல்லை. எங்கள் வீட்டில் எரிவாயு தீர்ந்த அன்று, பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா ஒரு கட்டு விறகை வேலிக்கு மேலால் நீட்டி, "முடிஞ்சாச் சொல்லுங்க" என்றார். அந்த வார்த்தை எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

இவ்வளவு இருந்தும் என்னால் கும்பிட முடியவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதவேண்டும். சுவாமி அறையில் விளக்கேற்றுவேன், கை குவியும், உள்ளே ஒரு சொல்லும் எழும்பாது. தேவாரம் பாடத் தொடங்கினால் இரண்டாம் அடியில் நாக்கு நின்றுவிடும். சிறு வயதிலிருந்து சைவசமய பாடத்தில் மனனம் செய்த பதிகங்கள் அத்தனையும் எங்கோ போய்விட்டிருந்தன. மாமி இதைக் கவனித்திருக்கவேண்டும். ஒருநாளும் அதைப்பற்றி அவர் என்னிடம் கேட்டதில்லை.

இருள் விலகுமுன் புறப்பட்டோம். மாமி ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்திருந்தார். மூன்று இடங்களில் இருந்து இளைப்பாறி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து, பிரெட்ரிக் கோட்டை வாசலை அடைந்தபோது டச்சுக்குடாப் பக்கம் வெளித்திருந்தது. அந்த வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லும், குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கியர் குலைப்பதைச் சொல்லும் தேய்ந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. கோயிலை இடித்த கற்களைக் கொண்டே போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள் என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். ஆனால் அந்த வாசலைக் கடந்துதான் இன்றும் கோணேசரிடம் போகவேண்டும் என்பதை நான் அன்றுதான் உணர்ந்து நடந்தேன்.

வாசலில் மாமி சற்று நின்றார். போர்க்காலத்தில் என் மாமனாரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பல மாதம் தகவல் இல்லாமல் இருந்தபோது, இதே வாசலில் அடையாள அட்டையைக் காட்டிச் சோதனைக்கு நின்று, தம் மாமியாருடன் வெள்ளிதோறும் வந்ததாகச் சொன்னார். "எனக்கும் அப்ப வாய் வராது பிள்ளை. அவதான் எனக்கும் சேர்த்துக் கும்பிட்டவ" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. வழியோரம் புள்ளிமான்கள் இரண்டு படுத்திருந்தன. மாமி பெட்டியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்து, தோலை ஒன்றுக்கும் பழத்தை மற்றதற்கும் கொடுத்தார்.

மலையேறும்போது மாமி சொன்ன கதையை இங்கே எழுதாமல் இருக்க முடியாது. 1950ஆம் ஆண்டில் நகரில் கிணறு ஒன்று வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. செய்தி கேட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடிய கூட்டத்தில் மாமியின் மாமியாரும் ஒருவர். 17ஆம் நூற்றாண்டில் கோயில் இடிபட்டபோது யாரோ அவற்றை மண்ணில் புதைத்துக் காத்திருக்கிறார்கள். புதைத்தவர் பெயர் தெரியாது. தம் வாழ்நாளில் தோண்டி எடுக்கமுடியும் என்று நினைத்தாரோ என்னவோ. பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் எடுப்பார்கள் என்று எண்ணியும் புதைத்திருக்கலாம். வெளிவந்த மூர்த்திகளுள் சோமாஸ்கந்தர் இருந்தார். அப்பனும் அம்மையும் அருகருகே அமர்ந்திருக்க, நடுவில் குழந்தை நிற்கும் திருக்கோலம் அது. முந்நூறு ஆண்டுக்கு மேல் இருட்டில் கிடந்தும் அந்தக் குடும்பம் பிரியாமல் ஒரே பீடத்தில் இருந்தது என்று மாமியின் மாமியார் சொல்லிச் சொல்லி அழுவாராம். அதன்பின் 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தபோது மாமி பன்னிரண்டு வயதுப் பிள்ளை. கூட்டத்தில் காலில் மிதிபட்டது மட்டும் நினைவிருக்கிறதாம்.

கோயிலில் அன்று சனம் மிகக் குறைவு. மூன்று பக்கமும் கடல். கீழே அலை மோதும் ஓசை கருவறை வரைக்கும் வந்தது. அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது குருக்கள் வழக்கப்படி, "பேர், நட்சத்திரம்?" என்று கேட்டார். கணவரின் பெயரைச் சொல்லிவிட்டேன். நட்சத்திரம் வரவில்லை. பதினான்கு ஆண்டு குடும்பம் நடத்தியவள், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இதே இடத்தில் நின்று சொன்னவள், பூரட்டாதியா உத்தரட்டாதியா என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றேன். குருக்கள் அவசரப்படுத்தவில்லை. தட்டு என் கையில் நடுங்கத் தொடங்கிற்று.

அப்போது பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது: "உத்தரட்டாதி, மீனராசி." பிறகு நிறுத்தாமல், கொழும்பில் நிற்கும் இளைய மகனின் பெயரும் நட்சத்திரமும், என் மகளின் பெயரும் நட்சத்திரமும் சொன்னார். கடைசியாக என் தோளைத் தொட்டு என் பெயரைச் சொல்லி, "சுவாதி, துலாராசி" என்றார். தம் பெயரைச் சொல்லவில்லை. என் தாய் இறந்த பிறகு என் நட்சத்திரத்தை நினைவில் வைத்திருக்க ஒருவரும் இல்லை என்றுதான் நான் இருந்தேன்.

தீபம் காட்டும்போது மாமி தணிந்த குரலில் சம்பந்தர் பதிகத்தைப் பாடினார். கோணமாமலை அமர்ந்தாரைத் "தாயினும் நல்ல தலைவர்" என்று தொடங்கும் அந்தப் பாட்டில், தொழுபவரிடமிருந்து நோயையும் பிணியையும் நீக்குபவர் அவர் என்று சம்பந்தர் பாடியிருக்கிறார். எத்தனையோ தடவை பாடிய பாட்டு. "தாயினும்" என்ற சொல்லை அன்று மாமியின் வாயிலிருந்து கேட்டபோதுதான் எனக்குக் கண் நிறைந்தது. இரண்டாம் அடியிலிருந்து நானும் சேர்ந்து பாடினேன். பாட்டு முடியும்வரை நாக்கு நிற்கவில்லை.

மாதுமையம்மையை வணங்கிவிட்டு வெளியே வந்து, இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கம், விளிம்பில் நிற்கும் மரத்தடிக்குப் போனோம். பிள்ளைவரம் வேண்டிக் கட்டிய சிறு தொட்டில்களும், முடிச்சிட்ட துணிகளும் கிளை முழுதும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மாமி இடுப்பிலிருந்து மஞ்சள் துணித்துண்டு ஒன்றை எடுத்தார். அதன் ஓரம் நன்றாகத் தைக்கப்பட்டிருந்தது. முந்தின இரவு விளக்கு வெளிச்சத்தில் அவர் தைத்துக்கொண்டிருந்தது அதுதான் என்று அப்போது புரிந்தது. நாணயம் ஒன்றை வைத்து முடிந்து, எட்டாத கையை நீட்டினார். நான் கிளையைத் தாழ்த்திப் பிடித்தேன். "இவனுக்காகத்தான் நான் இங்க தொட்டில் கட்டினனான்" என்றார். "கல்யாணம் கட்டி ஆறு வரியமாப் பிள்ளை இல்லை. கட்டின அடுத்த வரியம் இவன் பிறந்தவன்." முடிச்சை இறுக்கிவிட்டு, "தந்தவர் இருக்கிறார்தானே" என்று கடலைப் பார்த்துச் சொன்னார்.

இறங்கும் வழியில் கைத்தொலைபேசியில் மைத்துனரின் குரற்பதிவு வந்திருந்தது. அதில் என் கணவர்தான் பேசினார். மூச்சு வாங்கி வாங்கி, கொல்லைப்புறக் கொய்யா காய்த்துவிட்டதா, அணில் தின்னாமல் பை கட்டினீர்களா என்று கேட்டார். மாமி அதை நான்கு தடவை போடச்சொல்லிக் கேட்டார். வீட்டுக்குப் போனதும் ஏணி வைத்து ஒவ்வொரு காய்க்கும் பை கட்டினோம். மகள் எண்ணிப் பார்த்து, பதினேழு என்று அப்பாவுக்குச் செய்தி அனுப்பினாள்.

சத்திரசிகிச்சை ஆவணியில்தான் நடந்தது. அதுவரையிலான ஒவ்வொரு வெள்ளியும் மாமியும் நானும் நடந்தோம். சில வெள்ளிகளில் பயம் துளியும் குறையாமலே திரும்பியிருக்கிறேன். ஆனால் நடக்காமல் இருந்ததில்லை. கணவர் வீடு வந்து சேர்ந்தபோது கொய்யாவில் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை; முதற்பழத்தைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்திருந்தோம்.

இப்போது மாமியால் வாசற்படிக்கு அப்பால் நடக்க இயலாது. சென்ற சிவராத்திரிக்கு மகளும் நானும் கணவருமாக மூவரே மலையேறினோம். குருக்கள் பெயர் கேட்டபோது நாங்கள் வாய் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டு, அப்பம்மாவின் பெயரைச் சொல்லி, "ரோகிணி, இடபராசி" என்றாள். திருநீற்றை வாழையிலைத் துண்டில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தோம். மாமி அதை நெற்றியில் பூசிக்கொண்டு, கதிரையில் சாய்ந்தபடி, வாசலில் மான் நின்றதா என்று கேட்டார். மூன்று நின்றன, ஒன்று குட்டி என்றாள் மகள்.