மூன்றும் நான்கும்: ஓர் அம்பாசிடர் நாட்குறிப்பு

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடி போய்த் திரும்புகையில், ஆற்றுக்கு வந்த கூட்டத்தால் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்த இடத்தில், அப்பாவின் 1974 மார்க் 2 அம்பாசிடர் தன் கோளாறை முழுதாகக் காட்டிவிட்டது. நிற்கும்போது இன்ஜின் விட்டு விட்டுத் துடித்துக் குலுங்குகிறது. ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியர் கம்பியும் சேர்ந்து நடுங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றுமே நடப்பதில்லை. அதன் பிறகுதான் வண்டி மனமில்லாமல் நகர்கிறது.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று கிடைத்தது. நன்றாகச் சூடேறிய இன்ஜினில் சோக்கை, அதாவது கலவையில் பெட்ரோலைக் கூட்டும் குமிழை, பாதி இழுத்தபோது குலுக்கல் பெருமளவு அடங்கியது. சூடான இன்ஜினில் சோக் இழுத்தால் பெட்ரோல் மிஞ்சி அடைத்துக்கொள்வதுதான் வழக்கம். அதற்கு மாறாகச் சீராகிறது என்றால், வேண்டாத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது என்று பொருள்.

உடன் வந்த அக்கா வீட்டு மச்சான், “இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல்தானுங்க மாப்ள காரணம்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அதில் பாதி நியாயம் உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 பங்கு போதும். ஆகவே பழைய ஜெட் (பெட்ரோல் வரும் துளை) அளவிலேயே ஓடும் கார்புரேட்டர் வண்டியில் கலவை சற்று மெலியத்தான், அதாவது காற்று மிஞ்சிப் பெட்ரோல் குறையத்தான், செய்யும். ஆனால் அந்த மெலிவு நான்கு சிலிண்டருக்கும் ஒன்றுபோல வர வேண்டும். அதைப் பிளக்கைக் கழற்றி முனையின் நிறத்தில் பார்த்துவிடலாம்: கறுத்தால் பெட்ரோல் மிஞ்சல், வெளுத்தால் மெலிவு.

5 ஆகஸ்ட், செவ்வாய்

காங்கேயத்தில் அம்பாசிடருக்கென்றே இன்னும் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரியிடம் வண்டியை விட்டேன். உத்தரபாராவில் 2014இல் உற்பத்தி நின்ற பிறகு இந்த வண்டியைத் தொடும் கைகள் குறைந்துவிட்டன. “கார்புரேட்டரக் கழட்டறது கடைசிலதானுங்க தம்பி, மொதல்ல கரண்டப் பாத்துருவோம்” என்றார். அவர் வேலை செய்யும் இந்த ஒழுங்குக்காகவே நான் அவரிடம் போகிறேன்.

டெல்கோவின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின்) மூடியைக் கழற்றினோம். பாயிண்ட் (மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) முனைகளில் ஒன்றில் மேடும் மற்றதில் குழியுமாக இருந்ததால், பாயிண்டையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றி, இடைவெளியை 0.38 மி.மீ. வைத்தோம். வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சியபோது உள்ளே இருக்கும் தட்டு நகர்ந்தது, டயாஃப்ரம் கிழியவில்லை. பொறி விழும் நேரமான டைமிங்கும் சரி. இவ்வளவுக்குப் பிறகும் குலுக்கல் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

அடுத்துப் பிளக்குகளைக் கழற்றித் துணியின் மேல் வரிசையாக வைத்தபோதுதான் காரியம் சூடுபிடித்தது. ஒன்றும் இரண்டும் கரி படிந்து கறுத்திருந்தன. மூன்றும் நான்கும் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தன. ஒரே கார்புரேட்டர் நான்கு சிலிண்டருக்கும் ஊட்டுகையில், பாதி மிஞ்சியும் பாதி மெலிந்தும் எரிவதற்குக் கார்புரேட்டர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. பெட்ரோலும் காரணமாக இருக்க முடியாது.

இந்த 1489 சி.சி. இன்ஜின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியாக வந்த பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி வரிசை. இதன் ஹெட்டில் (இன்ஜினின் தலைப்பகுதியில்) கலவை உள்ளே போகும் இன்லெட் வாய்கள் இரண்டே இரண்டு: முன் வாய் ஒன்றுக்கும் இரண்டுக்கும் பொது, பின் வாய் மூன்றுக்கும் நான்குக்கும் பொது. ஆகவே பின் வாயருகே காற்று இழுத்தால் இந்த இரண்டு சிலிண்டர்களும் ஜோடியாகத்தான் மெலியும்.

6 ஆகஸ்ட், புதன்

கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம்) நான்கிலும் 120 பி.எஸ்.ஐ.யை ஒட்டியே இருந்தது. டேப்பட்டும் (வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே விடும் இடைவெளி) பார்த்தாயிற்று. எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கையில் ஒன்றாவதை, ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதை என்று, கூட்டினால் ஒன்பது வரும்படி போக வேண்டும். வால்வுகளின் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது.

9 ஆகஸ்ட், சனி

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில், மேஸ்திரி எண்ணெய்க் குப்பியின் நீண்ட மூக்கை மேனிஃபோல்டும் (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) ஹெட்டும் சேரும் இடத்தில் வைத்து மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். முன் வாயில் எண்ணெய் வழிந்து கீழே இறங்கியது. பின் வாயின் மேல் விளிம்பில் விட்ட சொட்டு வழியவில்லை. விளிம்பிலேயே நடுங்கி நின்று, சட்டென்று உள்ளே போய் மறைந்தது. குலுக்கல் நின்று இன்ஜின் சில நொடிகள் சீராக ஓடியது. சைலன்சரில் நீலப்புகை வந்தது. இதற்குச் சிலர் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் குழாய்) அடியிலேயே இருக்கும் இந்த இன்ஜினில், தீப்பிடிக்கலாம் என்பதால், அதை நான் விரும்புவதில்லை.

கழற்றிப் பார்த்ததில் இரண்டுக்கும் நடுவே வைக்கும் பேக்கிங்கின் அந்தப் பகுதி அழுந்தாமல் புதிதாகவே இருந்தது. இந்த இன்ஜினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம்; ஒரே ஸ்டட்டில் (நட்டு ஏறும் திருகுக் கம்பியில்) மாட்டிய தடித்த வாஷர் இரண்டின் காதுகளையும் (ஓரத்தில் நீட்டிய பட்டைகளையும்) சேர்த்து அழுத்த வேண்டும். சில மாதங்களுக்கு முன் வேறோர் ஊர்ப் பட்டறையில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாற்றியிருந்தார்கள். மாட்டிய உருப்படியின் காது இன்லெட்டின் காதைவிட அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடிப்பாக இருக்க, வாஷர் எக்ஸாஸ்டை மட்டும் இறுக்கிவிட்டு இன்லெட்டைச் சும்மா விட்டிருக்கிறது. நட்டை எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை. அதோடு நிற்காமல், குலுக்கலை மறைக்க ஜெட் நட்டை இறக்கிப் பெட்ரோலைக் கூட்டியும் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றும் இரண்டும் கறுத்தது அதனால்தான். கூலியும் வாங்கிக்கொண்டார்கள்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

கோவையில் ஒரு பட்டறையில், வாஷர் உட்காரும் இடத்தை மில்லிங்கில் எடுத்து இரண்டு காதுகளையும் ஒரே தடிப்பாக்கினேன்; ஹெட்டில் படியும் முகத்தையும் சமன் செய்தாயிற்று.

15 ஆகஸ்ட், வெள்ளி

விடுமுறை என்பதால் நானும் பட்டறையில் இருந்தேன். புதுப் பேக்கிங் போட்டு மாட்டியதும் குலுக்கல் அறவே போயிற்று. மிதித்ததும் இழுக்கும் பிக்கப் மட்டும் வரவில்லை. இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் ஒன்றே என்று எண்ணத் தோன்றும் இடம் இது. மேஸ்திரி அப்படி எண்ணவில்லை.

எங்கள் வண்டியில் இருப்பது எஸ்.யூ. கார்புரேட்டர். இதில் மிதித்ததும் பெட்ரோலைப் பீச்சும் ஆக்ஸிலரேட்டர் பம்ப் கிடையாது. மிதித்தவுடன் மேலே துள்ளப் பார்க்கும், கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கும் பிஸ்டனை, அதன் நடுக்குழலில் இருக்கும் எண்ணெய் பிடித்து நிறுத்துகிறது. அந்தக் கணத்தில் ஜெட்டின் மேல் காற்றின் வேகம் கூடிப் பெட்ரோல் அதிகமாக உறிஞ்சப்படுகிறது. எண்ணெய் இல்லையென்றால் பிஸ்டன் தடையின்றித் துள்ளிவிடும், கலவை அந்தக் கணம் மெலிந்துவிடும். மேல்மூடியைத் திருகி, அந்தக் குழலுக்குள் இறங்கும் டேம்பர் கம்பியை வெளியே எடுத்தோம்; முனை துடைத்து வைத்ததுபோல் உலர்ந்திருந்தது. இருபதாம் நம்பர் எண்ணெயைக் குழல் வாய்க்கு மேல் 13 மி.மீ. நிற்கும்படி ஊற்றினோம். பிஸ்டனை விரலால் தூக்கினால் இப்போது கனத்து ஏறுகிறது. விட்டால் ‘டக்’ என்று அடியில் உட்காருகிறது.

பிறகு ஜெட் நட்டை ஒவ்வொரு முகமாக மேலே திருப்பினோம். பிஸ்டனைச் சிறு ஊசியால் இம்மி தூக்கும்போது இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை மிஞ்சியிருக்கிறது, விழுந்தால் மெலிந்திருக்கிறது, ஒரு கணம் சற்றே கூடி அடங்கினால் சரி.

17 ஆகஸ்ட், ஞாயிறு

சென்னிமலை மலைப்பாதையில் நான்கு பேரோடு ஏற்றிப் பார்த்தேன். வளைவு முடிந்து மிதித்தால் உடனே இழுக்கிறது. மேலே நிறுத்தி, கோயிலுக்குப் போய் வந்து, ஆறிய பிறகு பிளக்குகளைப் பார்த்ததில் நான்கும் ஏறக்குறைய ஒரே பழுப்பு. நான்காவது மட்டும் சற்று வெளிர். வெப்பத்தில் பேக்கிங் படிந்து நட்டு தளர்வது இயல்பு என்பதால், வீட்டில் இன்ஜின் முழுதும் ஆறியதும் ஸ்பானர் போட்டேன். பின் வாயின் அடி நட்டு கால் சுற்று ஏறியது. அடுத்த எண்ணெய் மாற்றத்தின்போது இன்னொரு முறை முடுக்கிவிட்டு, நான்காவது பிளக்கை மறுபடி பார்க்க வேண்டும்.