முதல் கைப்பிரதி முடிந்தது

நேற்று இரவு கடைசி வரியை எழுதி முடித்தேன். வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய புத்தகம், என் முதல் புத்தகம். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்த உப்பு யாத்திரையில் தொடங்குகிறது. இன்று அதே மண்ணில் உச்சி வெயிலில் உப்பு சுமக்கும் பெண்களிடம் வந்து நிற்கிறது. அந்தப் பெண்களின் அத்தியாயத்தை மட்டும் ஐந்து முறை திருத்தி எழுதினேன்.

ஓர் அம்மா தன் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். பாளம் பாளமாக வெடிப்பு, ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் வெள்ளைக் கோடாக உப்பு. “இதையும் எழுது தம்பி” என்றார். எழுதிவிட்டேன், அம்மா.

இனி மெய்ப்பு பார்க்க வேண்டும். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறேன். ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண், வாங்க வேண்டும். அட்டை இன்னும் முடிவாகவில்லை. ஓவியம் வேண்டாம், அந்தக் கால்களின் புகைப்படம்தான் வேண்டும் என்பது என் ஆசை. அவரிடம் அனுமதி கேட்கப் போகிறேன்.

ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். முதல் பிரதி அந்த அம்மாவுக்கு. அவருக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.