மறதிக்கு மூளை ஸ்கேன்: சீட்டு எழுதுவது முதல் ரிப்போர்ட் படிப்பது வரை

ஸ்கேன் சீட்டில் "மறதி" என்று ஒரே ஒரு சொல்தான் எழுதியிருக்கும். ஸ்கேன் அறையில் நாங்கள் அதிகம் பார்க்கும் முதல் குறை இதுதான். அதை மட்டும் வைத்து எடுத்தால் எல்லோருக்கும் எடுக்கிற பொதுவான மூளைப் படம்தான் கிடைக்கும். மறதி எத்தனை மாதமாக இருக்கிறது, திடீரென்று வந்ததா மெல்ல மெல்ல வந்ததா, நடை மாறியிருக்கிறதா, சிறுநீர் கட்டுப்பாடு போய்விட்டதா, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா, சமீபத்தில் கீழே விழுந்தாரா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதெல்லாம் சீட்டில் இருந்தால் எடுக்கிற படங்களே மாறும், படிக்கிற கண்ணும் மாறும். மருத்துவர் எழுதாவிட்டால் ஒரு தாளில் நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள். பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனைகள் ஸ்கேனுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தக் குறைகளால் வரும் மறதியைப் படம் காட்டிக்கொடுக்காது.

அல்சைமரைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்கேன் என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் ஸ்கேனின் முதல் வேலை அதுவல்ல. சரிசெய்யக்கூடிய காரணம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதுதான் முதல் வேலை. வயதானவர் லேசாகத் தலையில் இடித்துக்கொண்டதை வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள்; சில வாரம் கழித்துக் குழப்பமும் தூக்கக் கலக்கமும் வரும். மண்டையோட்டுக்கு உள்ளே, மூளையின் மேல் ரத்தம் தேங்கியிருக்கும். இதற்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை, ஐந்து நிமிட சி.டி. போதும்.

இன்னொன்று, மூளை நீர் தேங்கும் நார்மல் பிரஷர் ஹைட்ரோகெஃபலஸ். பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோன்ற நடை, சிறுநீர்த் தொல்லை, மந்தம் மூன்றும் சேர்ந்து வரும். பெரும்பாலும் நடைதான் முதலில் கெடும். படத்தில் வென்ட்ரிக்கிள்களின், அதாவது மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளின், முன்கொம்புகளுடைய அதிகபட்ச அகலத்தை மண்டையோட்டின் உள் அகலத்தால் வகுத்துப் பார்ப்போம். விடை 0.3ஐத் தாண்டினால் வென்ட்ரிக்கிள் பெருத்திருக்கிறது. ஆனால் மூளை சுருங்கினாலும் வென்ட்ரிக்கிள் பெருக்கும். அதனால் உச்சந்தலைப் பக்கம் மடிப்புகள் நெருக்கியடித்து, பக்கவாட்டுப் பிளவுகள் மட்டும் அகன்றிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால்தான் நீர்த் தேக்கத்தின் பக்கம் சாய்வோம். வென்ட்ரிக்கிள் அளவை மட்டும் பார்த்து "சுருக்கம்" என்று எழுதிவிட்டால், வடிகுழாய் வைத்து நடையை மீட்டிருக்கக்கூடிய ஒருவரை இழந்துவிடுவோம்.

எம்.ஆர்.ஐ. என்றால், மறதிக்கென்று குறைந்தது ஐந்து வகைப் படம் வேண்டும். மூளையின் அமைப்பைக் காட்டும், 1 மில்லிமீட்டர் கனத்தில் எடுக்கும் முப்பரிமாண டி1, டி2, வெள்ளைத் திட்டுகளைக் காட்டும் ஃபிளேர், புதிய பக்கவாதத்தைக் காட்டும் டிஃப்யூஷன், ரத்தக் கசிவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. அல்லது கிரேடியன்ட் எக்கோ. எல்லாம் சேர்ந்து 25 முதல் 40 நிமிடம். படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் ஊசி பெரும்பாலானோருக்குத் தேவைப்படாது. டி1ஐ முதலில் எடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் நேரம் ஆக ஆகப் பொறுமை குறையும். அதோடு, முப்பரிமாணப் படம் முழுதும் ஒன்றாகச் சேகரமாவது. நடுவில் ஒருமுறை தலை அசைந்தாலும், குளத்தில் கல் எறிந்ததுபோல அலைகள் படம் முழுவதும் பரவும். அளவெடுக்கும் மென்பொருள் அந்த அலையை அறியாது. மூளையின் மேலடுக்கான புறணி மெலிந்திருக்கிறது என்று எண் கொடுத்துவிடும். அசைவு, மூளைச் சுருக்கமாக வேஷம் போடும். அதனால் எண்ணைப் பார்க்கும் முன் படத்தைப் பார்க்க வேண்டும்.

அசையாமல் படுப்பதுதான் இதில் மிகக் கடினமான பகுதி. பத்து நிமிடத்துக்கு முன் சொன்னதை நினைவில் வைக்க முடியாத ஒருவரிடம்தான் "அரை மணி நேரம் அசையாதீர்கள்" என்று சொல்கிறோம். கவனித்துப் பார்த்தால், சத்தம் இருக்கும்போது அவர்கள் பெரும்பாலும் அசைவதில்லை. ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை சில நொடி மௌனம் வரும். முடிந்துவிட்டது என்று நினைத்து அப்போதுதான் தலையைத் தூக்குவார்கள். தலை பழைய இடத்தில் திரும்பப் படியாது, அடுத்த படத்தின் தளம் சாய்ந்துவிடும். அந்த மௌனத்துக்குத்தான் ஏற்பாடு வேண்டும். வீட்டுக்காரர் ஒருவர் கால்மாட்டில் நின்று, சத்தம் நிற்கும்போதெல்லாம் பாதத்தை மெல்லப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். கேட்கும் கருவியைக் கழற்றியபின் ஒலிபெருக்கியில் சொல்வது காதில் விழாது, தொடுகை புரியும். கூட நிற்பவருக்கும் அதே உலோகச் சோதனை உண்டு, காதடைப்பும் உண்டு. கையில் கொடுக்கும் அவசரப் பந்தை எதற்கு என்று மறந்து சிலர் அழுத்திக்கொண்டே இருப்பார்கள். அதை நம்ப வேண்டாம்.

முதுகு கூனியவர்களுக்குத் தலை கருவியில் படியாது. தலைக்கும் தோளுக்கும் அடியில் பஞ்சணை வைத்து இடைவெளியை நிரப்புங்கள், முழங்காலுக்கு அடியில் ஒன்று வைத்தால் இடுப்பு வலிக்காது. உள்ளே போகுமுன் சிறுநீர் கழிக்கச் செய்யுங்கள். மாலையில் குழப்பம் கூடுபவர்களுக்குக் காலை நேரம் கேட்டு வாங்குங்கள். கழற்றி எடுக்கும் பல்செட்டை எடுத்துவிடுங்கள், உலோகம் இருந்தால் எஸ்.டபிள்யூ.ஐ.யிலும் டிஃப்யூஷனிலும் முன்பகுதி கறுத்துப்போகும். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் சிலவற்றின் முதுகில் மெல்லிய உலோகத் தகடு உண்டு, சூடேறித் தோல் புண்ணாகலாம். பேஸ்மேக்கர், காது இம்பிளான்ட், மூளை ரத்தக்குழாய்க் கிளிப் இருந்தால் அதற்கான அடையாள அட்டையைக் கொண்டுவாருங்கள். நோயாளி "ஒன்றுமில்லை" என்று சொல்வதை இங்கே ஏற்கக் கூடாது, அவர் மறந்திருக்கலாம்.

மயக்க மருந்து கொடுத்தால் சுலபம் என்று தோன்றும். லோராசிபாம் போன்றவை மறதிநோய் உள்ளவரை அமைதிப்படுத்துவதற்குப் பதில் கிளறிவிடுவதும் உண்டு, அன்றிரவு முழுதும் குழப்பம் நீடிப்பதும் உண்டு. இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும் லூயி பாடி மறதிநோய் என்ற சந்தேகம் இருந்தால் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தின் பக்கமே போகக் கூடாது. உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதைச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

படம் வந்தபின் எல்லோரும் தேடுவது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை. அதன் நீளவாக்குக்குச் செங்குத்தாக, மூளையை முன்னிருந்து பார்ப்பதுபோல வெட்டிய கரோனல் படத்தில், பொட்டெலும்பின் உட்புறம், சுருட்டி வைத்த சிறு பாய் போலத் தெரியும். அதை ஒட்டிய பிளவும் மேலே உள்ள கொம்பும் எவ்வளவு அகன்றிருக்கின்றன, ஹிப்போகேம்பஸின் உயரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, ஷெல்ட்டன்ஸ் அளவுகோலில் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். 75 வயதுக்குக் கீழ் 2 என்றாலே கவனிக்க வேண்டும், அதற்கு மேல் 3 வந்தால்தான் அசாதாரணம். சாய்ந்த தளத்தில் வெட்டினால் ஒரு பக்கம் சின்னதாகத் தெரியும். வெட்டைச் சரிசெய்யாமல் போட்ட மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை. இளவயதில் வரும் அல்சைமரில் ஹிப்போகேம்பஸ் நன்றாகவே இருந்து, பின்பக்கப் பரைட்டல் பகுதி மட்டும் மெலிந்திருக்கலாம். முன்மடலும் பொட்டு மடலின் முனையும் கத்திமுனைபோல மெலிந்திருந்தால் ஃப்ரன்டோடெம்போரல் வகையை நினைக்க வேண்டும். தொடக்கத்தில் எம்.ஆர்.ஐ. முழுக்க இயல்பாக இருப்பதும் உண்டு. ரிப்போர்ட்டில் "வயதுக்கேற்ற சுருக்கம்" என்று இருந்தால் நோய் இல்லை என்று நிம்மதியடையவும் வேண்டாம், சுருக்கம் என்ற சொல்லுக்குப் பயப்படவும் வேண்டாம்.

ஃபிளேரில் வெள்ளையாகத் தெரியும் திட்டுகளுக்கு ஃபசேகாஸ் அளவுகோல், 0 முதல் 3. இங்கே 1 என்பது வயதானவர்களிடம் சகஜம். 3 என்றால் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன, சிறு ரத்தக்குழாய் நோய் மறதிக்குப் பங்களிக்கிறது என்று கொள்ளலாம்; ரத்த அழுத்தத்தை விடாமல் கவனிக்க வேண்டும். எஸ்.டபிள்யூ.ஐ.யில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும் நுண்கசிவுகளை எண்ணி எழுதச் சொல்லுங்கள். அல்சைமரில் மூளையில் படியும் புரதமான அமிலாய்டை அகற்றும் லெக்கானமாப், டொனானமாப் போன்ற மருந்து தொடங்கும் முன் இந்த எண்ணிக்கை கட்டாயம் வேண்டும். நான்குக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தொடங்கமாட்டார்கள். காந்த வலிமை 1.5 டெஸ்லா உள்ள கருவியில் தெரியாத புள்ளி 3 டெஸ்லாவில் தெரியும். அதனால் மருந்து நடக்கும்போது எடுக்கும் தொடர் ஸ்கேன்களை ஒரே கருவியில், ஒரே முறையில் எடுப்பதே நியாயம். இல்லாவிட்டால் புதிய கசிவா, புதிய கருவியா என்று சொல்ல முடியாது.

எம்.ஆர்.ஐ. பார்த்தும் எந்த வகை என்று தெளியாதபோதுதான் எஃப்.டி.ஜி. பெட். கதிரியக்கம் கலந்த ஊசி போட்டு, மூளை எங்கெங்கே குளுக்கோஸை எடுக்கிறது என்று காட்டும் படம் இது. குறைந்தது நான்கு மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 150 முதல் 200 மில்லிகிராமுக்குள் ஒரு வரம்பை ஒவ்வொரு மையமும் வைத்திருக்கும்; தாண்டினால் தேதி மாறும். அலுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை கூடியிருந்தால் பின்பக்கப் புறணியில் எடுப்பு குறைந்து, இல்லாத அல்சைமர் இருப்பதுபோலப் படம் காட்டும். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரமாவது மங்கலான, சத்தமில்லாத அறையில் பேசாமல் படுத்திருக்க வேண்டும். ஆறுதலாகப் பேச்சுக் கொடுக்கும் அன்பான மகனும் மகளும்தான் இங்கே படத்தைக் கெடுப்பவர்கள். பேசுகிற, பார்க்கிற, கேட்கிற பகுதிகள் அந்த நேரத்தில்தான் குளுக்கோஸை இழுக்கும். அமைதிப்படுத்த மருந்து தேவைப்பட்டால் இந்த அரை மணி கழிந்து, படம் எடுக்கச் சற்று முன் கொடுக்க வேண்டும்.

மூளையில் படிந்த அமிலாய்டைக் காட்டும் அமிலாய்டு பெட்டுக்குப் பட்டினி வேண்டாம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான சேர்மத்தைக் கொண்டு எடுத்த முதல் மனிதப் படங்கள் 2004இல் வெளிவந்தன. அதிலிருந்த கதிரியக்கக் கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும். இந்தப் படத்துக்கு இப்போது போடும் ஊசி மருந்துகளில் இருக்கும் ஃப்ளோரின்-18 பாதியாக 110 நிமிடம் ஆகும், அதனால் தயாரிக்கும் இடத்திலிருந்து வண்டியில் கொண்டுவர முடிகிறது. வண்டி தாமதமானால் உங்கள் நேரமும் தள்ளும். இந்தப் படம் "இல்லை" என்று சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம். அல்சைமரைப் பெரும்பாலும் விலக்கிவிடலாம். "இருக்கிறது" என்பதை வயதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நினைவாற்றலில் குறையே இல்லாதவர்களிலும் 50 வயதில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், 90 வயதில் சுமார் 44 சதவீதம் பேருக்கும் அமிலாய்டு இருக்கிறது. முடிவு வந்தால் என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமல் இந்தப் படத்தை எடுப்பதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை.

கடைசியாக, ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவில் முழுப் படங்களும் உள்ள குறுந்தகட்டையோ பென்டிரைவையோ கேட்டு வாங்கி, வீட்டுக் கணினியில் திறக்கிறதா என்று பார்த்து, ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள். ஹிப்போகேம்பஸ் இயல்பான முதுமையில் ஆண்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதமும், அல்சைமரில் நான்கைந்து சதவீதமும் சுருங்குகிறது. அந்த வித்தியாசத்தை அடுத்த ஆண்டு கண்டுபிடிக்க ஃபிலிம் உதவாது, மூலப் படம்தான் உதவும். உறையின் மேல் தேதி, கருவியின் பெயர், டெஸ்லா, அன்று மயக்க மருந்து கொடுத்தார்களா என்பதை எழுதி வையுங்கள்.